அடி விழுவதற்கு முன்னால்

(சீர்காழியில் ஒளிப்பட ஆர்வலர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன். மெட்டல் குழுவின் டிரம்மர் ஒருவர் நிமிடத்துக்கு 180 அடி வேகத்தில் வாசிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இசையில் இது வெகு சாதாரணமான வேகம். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே விநாடியில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கிறது. கண்ணால் ஒன்றைப் பார்த்து விரலால் பொத்தானை அழுத்த நம் உடம்புக்கு ஏறக்குறைய விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு வேண்டும். அதற்குமேல் கேமராவின் சிறு தாமதம் வேறு. ஆக, குச்சி உச்சியில் நிற்பதைப் பார்த்துவிட்டு அழுத்தினால், படத்தில் பதிவது இறங்கிப்போன கைதான்.

விநாடிக்கு இருபது படம் எடுக்கிற கேமரா வந்துவிட்டதே, விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தால் போதாதா என்று தம்பிகள் கேட்கலாம். முழு வேகத்தில் இறங்கும் குச்சியின் நுனி, இருபதில் ஒரு பங்கு விநாடிக்குள் ஒரு சாணுக்கு மேல் ஓடிவிடும். நீங்கள் தேடுகிற அந்த இடம் இரண்டு படங்களுக்கு நடுவே நழுவிப்போகும். மிச்சமாக, விடியவிடிய உட்கார்ந்து கழிக்க வேண்டிய ஆயிரக்கணக்கான படங்கள் கையில் இருக்கும்.

அடி எப்போது விழும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். விழுவதற்கு முன்னால் விரல் கிளம்பியிருக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்கக் காதால்தான் முடியும். இன்று நான் பேச வந்தது இந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் இதற்குத் துணை.

இங்கிருந்து நடந்துபோகிற தூரத்தில் திருக்கோலக்கா இருக்கிறது. குழந்தை சம்பந்தர் வெறுங்கையால் தாளம் போட்டுப் பாடியபோது, பிஞ்சுக் கை நோகுமே என்று இறைவன் பொற்றாளம் கொடுத்த தலம். பொன்னில் ஓசை எழாது என்பதால் அம்பிகை அதற்கு ஓசை கொடுத்தாள் என்பார்கள். கோயிலுக்குத் தாளமுடையார் கோயில் என்றே பெயர். அம்பிகைக்கு ஓசை கொடுத்த நாயகி என்று பெயர். முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் வாழ்ந்த ஊர் இது. சீர்காழி கோவிந்தராஜன் பிறந்த ஊர். தேரோடும் வீதியில் தவில் கேட்டு வளர்ந்தவர்கள் நீங்கள். வாசிப்பை முடித்துவைக்கிற ஒரு தீர்மானம் எங்கே வந்து விழப்போகிறது என்பது உங்களுக்குப் பாடம் படிக்காமலே தெரியும். சென்னையிலும் பெங்களூரிலும் மெட்டல் குழுக்களைப் படம் எடுக்கப் போனபோது எனக்குக் கைகொடுத்தது, இந்த வீதிகளில் பழகிய காதுதான். கேமராவைப் பற்றி நான் படித்த எதையும்விட அது பெரிய உதவியாக இருந்தது.

அந்த இசை நம் நாட்டுக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. பெங்களூரின் கிரிப்டோஸ் குழு 1998-ல் தொடங்கியது. ஜெர்மனியின் வாக்கன் விழா மேடைவரை போய் வாசித்தது. சிங்கப்பூரில் கதிர் முதலானோர் 1992-ல் தொடங்கிய ருத்ரா குழு, வடமொழி மந்திரங்களையும் வேதாந்தக் கருத்துகளையும் இந்த முரட்டு இசைக்குள் கொண்டுவந்து, அதற்கு வேதிக் மெட்டல் என்று பெயரும் வைத்தது. 2007-ல் அயர்ன் மெய்டன் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்தார்கள். 2009-ல் ஓபெத் குழு சென்னை ஐஐடியின் சாரங் விழாவுக்கு வந்தது. ஆனால் சென்னைப் பிள்ளைகள் இந்த இசையை வாசித்துப் பழகியது அத்தகைய பெரிய மேடைகளில் அல்ல. அடையாற்றில் இருந்த அன்வைண்ட் சென்டர் போன்ற சின்ன இடங்களில்தான் பல குழுக்கள் முதல் முறையாக நாலு பேர் முன்னால் நின்றன. ஜூன் ராக் அவுட் என்று அந்த சென்டர் நடத்திய விழாவை அந்தத் தலைமுறை இன்னும் பேசுகிறது.

பெரிய கச்சேரியில் படம் எடுப்பவருக்கு மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே தடுப்பு வைத்துத் தனி இடம் கொடுப்பார்கள். முதல் மூன்று பாட்டு, ஃப்ளாஷ் கூடாது, பிறகு வெளியே போய்விட வேண்டும் என்பது உலகம் முழுக்க வழக்கம். சின்ன அரங்கில் தடுப்பும் கிடையாது, தனி இடமும் கிடையாது. நூறு, நூற்றைம்பது பேர் நெருக்கிக்கொண்டு நிற்கிற அறை. மேடை முழங்கால் உயரம் இருந்தால் அதிகம். பாடுகிறவரின் வேர்வை லென்ஸில் தெறிக்கும். முன்னால் நிற்கும் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் மோதிக் குதிப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சண்டை மாதிரி இருக்கும். யாராவது கீழே விழுந்தால் நாலு கை உடனே தூக்கி நிறுத்துவதைக் கிட்டே நின்று பார்த்தால்தான் தெரியும். அந்தத் தூக்கிவிடும் கைகளைப் படம் எடுங்கள். இந்த இசையைக் கண்டு பயப்படுகிற பெற்றோருக்கு நான் காட்ட விரும்புவது அந்தப் படத்தைத்தான்.

கேமராவின் வாரைக் கழுத்தில் மாட்டாமல் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள். நெரிசலில் கழுத்து வார் ஆபத்து. சீட்டு வாங்கி வந்தவர் முகத்துக்கு நேரே நீண்ட நேரம் நிற்காதீர்கள். ஒரு பாட்டுக்கு ஓரிடம் போதும். மேடையின் இரு ஓரமும் பெரும்பாலும் காலியாக இருக்கும், டிரம்மர் தெரிவதும் அங்கிருந்துதான். நேர் எதிரே நின்றால் சிம்பல்களுக்குப் பின்னால் அவர் ஒளிந்துவிடுவார். ஒலிபெருக்கியின் வாயில் மட்டும் நிற்காதீர்கள். அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் வகுத்த கணக்குப்படி 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். சின்ன அறையில் மெட்டல் அதைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் நுரை அடைப்பானை வாங்கிக் காதில் வையுங்கள். தாளம் அதைத் தாண்டி நன்றாகவே கேட்கும். காதை நம்பித் தொழில் செய்யச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட முடியாது.

வெளிச்சத்துக்கு வருகிறேன். சின்ன அரங்கில் நான்கைந்து எல்இடி விளக்குகள்தான் இருக்கும். பெரும்பாலும் சிவப்பும் நீலமுமாக எரியும். சிவப்பு வெளிச்சத்தில் முகம் முழுவதும் ஒரே சிவப்புப் பூச்சாகி, மூக்கும் கன்னமும் பிரித்தறிய முடியாமல் போகும். கேமரா சொல்லும் அளவைவிட ஒரு படி குறைத்து, ரா கோப்பாக எடுத்து, பிறகு கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் அந்த முகம் திரும்பக் கிடைக்கும். 50 மிமீ லென்ஸில் எஃப் 1.8 கிடைக்கும், விலையும் அதிகமில்லை. ஐஎஸ்ஓவை 3200, 6400 என்று துணிந்து ஏற்றுங்கள். படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளி வந்தால் பரவாயில்லை, அசைந்துபோன கண்ணைத்தான் மன்னிக்க முடியாது. பாடுகிறவருக்கு ஷட்டர் 250-ல் ஒன்று, தலையைச் சுழற்றுகிறவருக்கு 500-ல் ஒன்று. ஓசையில்லாத மின்னணு ஷட்டரை எல்இடிக்கு எதிரே பயன்படுத்தினால் படத்தில் பட்டை பட்டையாக விழும். இயந்திர ஷட்டரை வையுங்கள். இவ்வளவையும் பாட்டு தொடங்குமுன் செய்து முடித்துவிட வேண்டும். தொடங்கிய பிறகு கேமராவின் பின்பக்கத் திரையைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் ஒரு சுற்றுத் தாளம் உங்கள் கையை விட்டுப் போகிறது.

இனி எனக்கு மிகப் பிடித்த இடம்.

மெட்டலில் பிரேக்டவுன் என்று ஒரு கட்டம் உண்டு. வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் எல்லா வாத்தியமும் ஒரே சமயம் நிற்கும். அரை விநாடியோ ஒரு விநாடியோ அறையே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். பிறகு பாதி வேகத்தில், ஆனால் இரட்டிப்புக் கனத்தோடு, எல்லாம் சேர்ந்து விழும். புதிதாகப் படம் எடுப்பவர்கள் விழுந்த பிறகு அழுத்துவார்கள். படம் அந்த மௌனத்தில் இருக்கிறது. கிதார் வாசிப்பவரின் கை தலைக்கு மேலே, டிரம்மரின் இரு குச்சிகளும் காதுக்குப் பின்னால், பாடுகிறவரின் வாய் திறந்து இன்னும் குரல் வராத நிலை. எல்லோரும் ஒரே இடத்தை நோக்கிக் காத்திருக்கிறார்கள். நீங்களும் அவர்களோடு காத்திருந்தால் அது கிடைக்கும். தலை சுழற்றுவதிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. அடி விழும்போது தலை கீழே இருக்கும். முடி விசிறியாக விரிவது அதற்குச் சற்றுப் பின்னால், தலை எழும்பும்போது.

தவில் தனியில் கோர்வை என்கிற முடிப்பு மூன்று முறை வந்து, தாளம் தொடங்கும் இடமான சமத்தில் விழுவதை நீங்கள் எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்! முதல் முறையில் கணக்கு புரிகிறது, இரண்டாவதில் உறுதியாகிறது, மூன்றாவது முறை கூட்டமே சேர்ந்து கையைத் தூக்குகிறது. அந்த மூன்றாவது சுற்றின் கடைசி இரண்டு அடிகளுக்கு முன்னால் விரல் தயாராக வேண்டும். ஸ்வீடன் நாட்டு மெஷுகா குழுவைக் கேட்டுப்பாருங்கள். டிரம்மரின் ஒரு கை சிம்பலில் நான்கு நான்காக நேராகப் போய்க்கொண்டிருக்கும். காலும் கிதாரும் அதற்கு ஒத்துவராத எண்ணிக்கையில் அடுக்குகளைச் சுற்றிச் சுற்றி வாசிக்கும். சில சுற்று கழித்து இரண்டும் ஓரிடத்தில் வந்து சேரும். வெளிநாட்டு ரசிகர்கள் தாளைக் கையில் வைத்து எண்ணிக் கண்டுபிடிக்கிறார்கள். ஆதிதாளத்தில் ஐந்தின் கணக்கான கண்டத்தையும் ஏழின் கணக்கான மிஸ்ரத்தையும் போட்டு, பாட்டு தொடங்கும் இடமான எடுப்புக்குக் கொண்டுவந்து சேர்ப்பதைத் திருவிழாதோறும் கேட்டவர்களுக்கு அது புதிதாகவே இருக்காது.

விரல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த இசையின் ஒலிக்கு அடித்தளம் போட்டவர் பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமி. பதினேழு வயதில் பர்மிங்காம் நகரத்து உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டார். இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டிய கை அதுதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குக் குப்பி செய்து, மேலே தோல் ஒட்டி, அந்த விரல்களோடு வாசித்தார். அழுத்துவது வலிக்கிறது என்று பிற்பாடு தந்திகளைத் தளர்த்திச் சுருதியைக் கீழே இறக்கினார். 1970 பிப்ரவரியில் முதல் இசைத்தட்டு வந்தது. இன்று உலகம் முழுக்கக் கேட்கிற அந்தக் கனத்த ஒலியில் ஒரு தொழிலாளியின் காயம் இருக்கிறது. நம் தவில் வித்வானின் வலக்கையைப் பாருங்கள். பசையில் ஊறிய துணியைச் சுற்றிக் காயவைத்த கூடுகள் ஒவ்வொரு விரலிலும். இடக்கையில் கழி. வலந்தலையில் கூடு படும்போது எழும் அந்தக் கூரிய சத்தம் வெறும் விரலில் வராது. கச்சேரிக்கு முன் கூடு மாட்டிக்கொள்ளும் நேரமும், முடிந்து கழற்றும்போது சிவந்து தெரியும் விரல் நுனியும் எவ்வளவு பெரிய படங்கள்! இவற்றை எடுத்து வைத்திருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ராக் இசையில் எடுத்த படங்களிலேயே அதிகம் பேசப்படுவது பென்னி ஸ்மித் 1979 செப்டம்பரில் நியூயார்க்கின் பல்லேடியம் அரங்கில் எடுத்தது. தி கிளாஷ் குழுவின் பால் சிமோனன் தன் பேஸ் கிதாரைத் தரையில் அடித்து உடைக்க ஓங்கி நிற்கிறார். அது பங்க் இசைக்குழு. இருந்தாலும் மெட்டல் படம் எடுக்கிற எல்லோருக்கும் அந்தப் படம்தான் பாடம். ஃபோகஸ் தப்பிவிட்டது என்று சொல்லி அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றார் எடுத்தவர். குழுவினர் கேட்கவில்லை. லண்டன் காலிங் இசைத்தட்டின் அட்டையில் வந்தது. முகம் தெளிவாக இல்லை, கிதாரும் தெளிவாக இல்லை. ஆனால் உடம்பு முழுவதும் அந்தக் கோபம் தெரிகிறது. அடி விழுவதற்கு முன்னால் எடுத்த படம் என்பதால்தான் அது இன்றுவரை நிற்கிறது.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காரைக்கால் பக்கத்துத் திருத்தருமபுரம் நினைவுக்கு வரும். சம்பந்தர் பாட்டின் பெருமைக்குத் தம் யாழே காரணம் என்று உறவினர் சொல்லக் கேட்டு வருந்திய திருநீலகண்ட யாழ்ப்பாணர், யாழில் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடும்படி அவரையே வேண்டுகிறார். பாடப்பட்ட பண் நரம்பில் அடங்கவில்லை. யாழை உடைக்கக் கை ஓங்குகிறார். சம்பந்தர் தடுத்து வாங்கிக்கொள்கிறார். யாழ்மூரி என்று அந்தப் பண்ணுக்கே பெயர் வந்தது. சேக்கிழார் அந்தக் காட்சியைச் சொல்லியிருக்கிறார். ஒருவர் கோபத்தில் ஓங்கினார், மற்றவர் பக்தியில் ஓங்கினார். வாத்தியத்தைவிட இசை பெரிதாகிவிடுகிற நேரம் எந்த மண்ணிலும் வரும் என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைக்கிறேன்.

மெட்டல் படங்களைப் பார்த்து ஆசைப்பட்ட பிள்ளைகள் பெங்களூருக்கு வண்டி ஏறுவதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அதே வெறியோடு நம் மேளத்தை யாராவது படம் எடுத்திருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை என்றவுடன் நம் கண்ணில் வருவது அசையாமல் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படம். குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்து, கோட்டுப் போட்டு, நாதஸ்வரக்காரனும் மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பான் என்று நிலைநாட்டிய மனிதர் அவர். தோடி வாசிக்கும்போது அந்தக் கழுத்து நரம்பு எப்படிப் புடைத்திருக்கும்? அந்தக் காலத்துக் கேமராவும் ஃபிலிமும் இரவு வெளிச்சத்தில் அதைப் பிடிக்க இடம் கொடுக்கவில்லை. மேளக்காரர்களின் அசைவு நம் மனதில் பதிந்தது பெரும்பாலும் ஆனந்த விகடனில் தில்லானா மோகனாம்பாளுக்குக் கோபுலு வரைந்த கோடுகளாலும், 1968-ல் வந்த படத்தாலும்தான். சிவாஜியின் கன்னமும் பாலையாவின் கையும் கண்ணில் நிற்கின்றன. திரைக்குப் பின்னால் உண்மையில் வாசித்த மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் முகத்தை அடையாளம் காட்டக்கூடியவர்கள் குறைவு. அன்று கருவி இல்லை, சரி. இன்று உங்கள் கைப்பேசியில் இருக்கிற கேமராவே அன்றைய எந்தக் கேமராவையும்விட இருட்டில் நன்றாகப் பார்க்கும். ஆனாலும் மேளம் வாசிப்பவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுதான் நாம் சாமியை எடுக்கிறோம்.

சித்திரையில் இங்கே திருமுலைப்பால் விழா வரும். சுவாமி புறப்பாட்டில் நாதஸ்வரக்காரர் மல்லாரி தொடங்கும் இடத்தில் போய் நில்லுங்கள். கம்பீர நாட்டையின் முதல் பிடி எழும்போது தவில்காரர் தோளில் வாரைச் சரிசெய்துகொண்டு உடம்பைப் பின்னுக்குச் சாய்ப்பார். அங்கே தொடங்குகிறது உங்கள் வேலை. மேளம் முன்னோக்கி நடக்கும், நீங்கள் பின்னோக்கி நடக்க வேண்டும். பின்னால் ஒரு நண்பரை நிறுத்தி உங்கள் தோளைப் பிடித்து வழிநடத்தச் சொல்லுங்கள். கல்யாண மண்டபம் இன்னும் நல்ல பயிற்சிக்களம். தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளம் சிறியது, எல்லாக் கேமராவும் மணமக்கள் பக்கம் இருக்கும். நீங்கள் மட்டும் திரும்பி நில்லுங்கள். மண்டபத்துக் குழல் விளக்கு விநாடிக்கு நூறு முறை மினுங்கும். ஷட்டரை நூறில் ஒன்றுக்கு வைத்தால் எல்லாப் படமும் ஒரே வெளிச்சத்தில் வரும். அந்த வேகத்தில் முகம் அசையாமல் நிற்கும், கை மட்டும் கலங்கித் தெரியும். தவிலுக்கு அந்தக் கலங்கல்தான் அழகு. நாதஸ்வரத்தின் சீவாளியில் உதடு இருக்கும்போது முகத்துக்கு நேரே ஃப்ளாஷ் அடிக்காதீர்கள், மூச்சு தடுமாறும். தீர்மானம் விழுந்தவுடன் கேமராவை இறக்கிவிடவும் கூடாது. விழுந்த அடுத்த விநாடியில் நாதஸ்வரக்காரர் தவில்காரரைத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வையில் இருக்கிற பாராட்டு வேறெங்கும் கிடைக்காது. மெட்டல் மேடையிலும் அப்படித்தான், கஷ்டமான ஓர் இடத்தைக் கடந்ததும் பேஸ் வாசிப்பவர் டிரம்மரைப் பார்த்துச் சிரிப்பார்.

படம் எடுத்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. சின்னக் குழுக்களுக்கு உங்கள் படம்தான் அடுத்த கச்சேரிக்கான சுவரொட்டி. அன்றிரவே இரண்டு படமாவது அனுப்பிவிடுங்கள். மேளக்காரர்களுக்குத் தாளில் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். பலர் வீட்டில் அவர்கள் வாசிக்கிற படம் ஒன்றுகூட இருக்காது. பின்புறத்தில் பெயர், ஊர், யாரிடம் பயின்றார், எந்தக் கோயில், எந்த நாள் என்று பென்சிலால் எழுதுங்கள். தவில் வாசித்தவர் பெயரை மட்டும் எழுதிவிட்டு சுருதிக்கு ஒத்து ஊதியவரையும் தாளம் போட்டவரையும் விட்டுவிடாதீர்கள். கூட்டத்தில் நின்ற பெண்களின், குழந்தைகளின் முகம் தெளிவாக விழுந்திருந்தால் கேட்காமல் எங்கும் போடாதீர்கள்.

படங்கள் கொண்டுவந்திருப்பவர்கள் இந்த மேசைக்கு வாருங்கள். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். எந்த அடிக்கு முன்னால் அழுத்தினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.